சுண்ணாம்பு தடவாத கால்கள்

தவளைகள் எல்லாம் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

நாகலெட்சுமி முதலில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அட்டனிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்த கால் கடுத்தது. குடைக் கம்பி வழியே ஒழுகிய தண்ணீர் முழங்கையில் இறங்கி ரவிக்கைக் கையை நனைத்திருந்தது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வைகாசிக் கடைசியில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. தொழிலாளர் லயத்துக் காம்பராக்களிலிருந்து கிளம்பிய ஈர விறகுப் புகை மேலே போக வழியில்லாமல் மழையில் அமுங்கி, பனியோடு கலந்து, இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி வீட்டுக்குள்ளும் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. அந்தப் புகைக்குள், சுவரோரம், நெடுக்காக வெட்டிய தார்ப் பீப்பாயில் பாசியும் தண்ணீரும் விட்டு அவள் தவளைகளை வளர்த்து வந்தாள். வழக்கமாக ஒன்று பாசிக்கடியில் கிடக்கும், ஒன்று கல்லின் மேல் ஏறியிருக்கும், ஒன்று மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். இன்று எல்லாம் ஒரே பக்கமாக, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கும் ஆட்களைப் போல வரிசையாக.

பீப்பாயைப் பிடித்து மறுபக்கம் திருப்பி வைத்தாள். கால் கழுவிவிட்டு வந்து பார்த்தாள்.

தவளைகளும் திரும்பியிருந்தன.

வெளியே பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். கூடைகள் இறங்கும் சத்தம், செருமல், யாரோ பிள்ளையைத் திட்டுவது. இது அம்மா வீட்டுக்கு வரும் நேரம். அம்மாவைப் புதைத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அது நாகலெட்சுமிக்குத் தெரியும். தவளைகளுக்குத்தான் தெரியவில்லை.

அந்தத் தோட்டத்து லயங்களிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரும் அவளைக் களைக்க வைத்தார்கள். அட்டனில் அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தற்காலிக நியமனம்தான். தலைமை ஆசிரியர் சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். விலங்கியல் வகுப்பு தொடங்க வேண்டும் என்று அவள் போய் நின்றபோது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"தோட்டத்துப் பிள்ளையளுக்கு ஏன் பிள்ளை விலங்கியல்? கொழுந்து எடுக்கிறதுக்குத் தவளை வெட்டத் தெரியவேணுமோ?"

"வெட்டக் காட்டுறேன் சேர். தேறினா என்ன செய்வீங்க?"

"செய்முறைப் பரீட்சையில ஒருத்தரும் தவறாமல் தேறட்டும், உம்மை நிரந்தரமாக்குவம். தவளையளை நீரே பாத்துக்கொள்ளும்."

அவள் கினிகத்தேனை வயல்களில் மழைக்கு முன்னால் பெரிய தவளைகளாகத் தேடிப் பிடித்தாள். தோட்டத்தில் கிடைப்பவை கட்டைவிரல் அளவுதான். அவற்றின் வயிற்றைப் பிளந்து பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்? பிடித்தது சுலபம். தீனிதான் சுலபமாயில்லை. மழை இறங்கியதும் பூச்சி, விட்டில், வெட்டுக்கிளி எல்லாம் போயின. தவளை அசையாததைத் தின்னாது. தொடைச் சதை வற்றி, முதுகெலும்பு தோலுக்கு மேல் தெரிந்தது.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். பேச்சியம்மா, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்க்கும்போதே, கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டை ஒன்றை நகத்தால் தள்ளி எடுத்துப் பீப்பாயில் போட்டாள். பெரிய தவளை ஒரே எட்டில் அதை விழுங்கியது.

"பாத்தியா டீச்சரம்மா, ஒக்காந்த எடத்துலயே திங்கிறான். இவன் தொரதான். சந்தேகமே இல்ல."

"அம்மா, இன்னும் இருக்கா?"

"அடி இவளே! பேரப்புள்ளைக்குப் பால் ஊத்துற வயசுல என்னையத் தவளைக்கு அட்ட புடிக்க வைக்கிறா. இருந்ததெல்லாம் சுண்ணாம்புல செத்துப் போச்சு. பொழச்சது இது ஒண்ணுதான்."

மலைக்குப் போகும் பெண்கள் காலையில் சுண்ணாம்பையும் சவுக்காரத்தையும் குழைத்து முழங்கால் வரை தடவிக்கொள்வார்கள். அட்டை ஏறினாலும் சுருண்டு விழுந்துவிடும். அந்தப் பழக்கம் இல்லாமல் மழைக்காலத்தில் யாரும் மலை ஏறுவதில்லை. மறுநாள் பேச்சியம்மா தடவவில்லை. யாரும் அவளிடம் கேட்கவில்லை. மாலையில் சேம்பு இலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். உள்ளே அட்டைகள், திராட்சை போல உருண்டு, கறுத்து, மெல்ல நெளிந்துகொண்டு. பிடுங்கி எடுத்தவையில்லை. குடித்து முடித்துத் தானாகக் கழன்றவை.

"வயிறு நெறஞ்சதுதான் ஒம் புள்ளைங்களுக்கு ருசி" என்றாள்.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாகலெட்சுமி சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். மறுநாளும் வாங்கினாள். அம்மா வரும் நேரத்துக்கு இடுக்கியோடு இஸ்தோப்பில் காத்திருந்தாள். அம்மா காலை நீட்டி உட்காருவாள். மீதி ஒட்டியிருப்பதை மகள் எடுப்பாள். தவளைகளின் தொடை திரண்டது. தோல் பளபளத்தது. அம்மாவின் உதடு வெளுத்தது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் விளக்கடியில் அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள் நாகலெட்சுமி. உரித்த மரவள்ளிக் கிழங்கின் நிறம். அது என்னவென்று தெரியாத ஆள் இல்லை அவள். படித்தவள். பாடம் நடத்துகிறவள்.

"என்ன புள்ள தெரியுது?"

"ஒண்ணுமில்ல. பரீட்ச முடியட்டும்மா, அதுக்கப்புறம் சுண்ணாம்பு தடவிக்க."

ஒரு மத்தியானம் பேச்சியம்மா கொழுந்து நிரையிலேயே தள்ளாடி மழைநீர்க் கானுக்குள் விழுந்தாள். மழையில் யாரும் பார்க்கவில்லை. நிரையில் ஆளைக் காணவில்லை என்றதும் கங்காணி செல்லசாமி அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டுவிட்டு அடுத்த மலைக்குப் போய்விட்டான். கொழுந்து நிறுவைக்கும் வராமல் போகவே பக்கத்துக் காம்பரா வேலாயி தேடிப் போனாள். கானில் கிடந்தவளைத் தூரத்திலிருந்து பார்த்தபோது கறுப்புப் போர்வை போர்த்தியிருப்பதாக நினைத்தாளாம். கிட்டப் போனபோது போர்வை அசைந்ததாம்.

பெண்கள் உடம்பைக் கழுவி, எடுத்ததையெல்லாம் ஒரு பேசினில் போட்டார்கள். "அடுப்புல கொட்டு தாயி" என்று வேலாயி அதை நாகலெட்சுமியின் கையில் கொடுத்தாள். முன்னால் ஒப்பாரி நடந்தது. அவள் பேசினோடு உள்ளே போனாள்.

அடுப்பில் கொட்டவில்லை.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பீப்பாய்க்குள் கேட்ட அந்தச் சத்தத்தை, ஈரமாக, சப்பென்று, ஒன்றன்பின் ஒன்றாக, ஒப்பாரிக்கு நடுவில் அவள் மட்டும்தான் கேட்டாள். ஏன் செய்தாள்? தவளைகள் பசியோடிருந்தன. பரீட்சை நெருங்கியிருந்தது. வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தும் இந்த இரண்டுதான் மிஞ்சின.

அன்றிலிருந்து தவளைகள் வேறெதையும் தொடவில்லை. மண்புழு அவற்றின் முதுகின் மேல் ஊர்ந்து இறங்கியது. விட்டில் மூக்கில் உட்கார்ந்து பறந்தது. இப்போது அவை கதவையே பார்த்தன. மறுபடி வற்றத் தொடங்கின.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசற்படியில் சேம்பு இலைப் பொட்டலம் இருந்தது.

வேலாயியின் வேலை என்று நினைத்தாள். நெஞ்சு இளகியது. பிரித்தாள். உருண்டு கறுத்த அட்டைகள். கவிழ்த்தாள். தவளைகள் தின்றன, ஒன்றுகூட மிச்சமில்லை. மறுநாளும் பொட்டலம். அதற்கடுத்த நாளும். பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்த வேலாயியிடம் போனாள்.

"சித்தி, நீங்க எதுக்கு வீணா செரமப்படுறீங்க?"

"எதுக்கு?"

"அட்ட புடிச்சி வைக்கிறீங்களே."

வேலாயி கோடரியைக் கீழே வைத்தாள். "நானா? ஒங்கம்மாளக் கழுவுன கையிடி இது. இன்னமும் சோறு பெசஞ்சா வழவழன்னு இருக்கு. அந்தச் சனியன நான் தொடுவனா?" குரலைத் தாழ்த்தினாள். "ஏன் தாயி, பொழுதுசாய ஒன் வீட்டுல யாரு இருமுறா?"

"யாரும் இல்லயே."

"வெத்தல போட்ட இருமல். செவுத்துக்கு இந்தாண்ட கேக்குது. நீ பஸ்ஸு எறங்கி வர்றதுக்கு முந்தி."

நாகலெட்சுமி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். அன்றைய பொட்டலத்திலிருந்து ஒரு அட்டையை எடுத்து, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த கத்தியால் கீறினாள். மாட்டு ரத்தமாயிருக்கும். காட்டுப் பன்றியுடையதாயிருக்கும். வெள்ளைத் தட்டில் வழிந்ததைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ரத்தம் போலவே இல்லை. பலமுறை அலசிய துணியின் கடைசித் தண்ணீர் போல. வெளிறி, நீர்த்து. அத்தனை சோகை பிடித்த ரத்தம் எந்த மிருகத்துக்கு இருக்கும்?

விரலால் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

அப்போது அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, கரும்பலகையில் எழுதியதுபோல. தவளைகள் தின்னும்வரை அம்மா மலைக்குப் போவாள். தடவாத காலோடு போவாள். அந்த மழைக்குள், அந்தக் கானோரம், நிரை நிரையாக, செத்தும் பேர் விழாமல். இந்தப் பீப்பாயைத் தூக்கி ஓடையில் கவிழ்த்தால் போதும். அவளை விட்டுவிடலாம். அவள் போய்ப் படுத்துக்கொள்வாள்.

பீப்பாயின் விளிம்பைப் பிடித்தாள். சாய்த்தாள். தண்ணீர் ஒரு பக்கமாக ஏறியது. பெரிய தவளை, அம்மா துரை என்று பேர் வைத்தது, கொழுத்த தொடையை மடக்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. எத்தனை அழகான தொடை. நரம்பு, தசை எல்லாம் பாடப் புத்தகப் படம் போலப் பிரிந்து வரும். தோட்ட உத்தியோகத்தர் கண்டாக்கையா வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தொட்டுப் பார்த்த கத்தியை லயத்துப் பிள்ளைகள் பிடிப்பார்கள். சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும்.

இன்னும் கொஞ்ச நாள்தான்.

பீப்பாயை மெதுவாகக் கீழே இறக்கினாள். ஒரு துளி சிந்தாமல்.

பரீட்சைக்கு முந்திய நாள் பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டார்கள். மேசைகளைத் துடைத்து, மெழுகுத் தட்டுகளை அடுக்கிவிட்டு அவள் அந்தி விழுமுன் லயத்துக்கு வந்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் அவள் வந்ததேயில்லை. வாசற்படியில் பொட்டலம் இல்லை. பனி இறங்கி எதிர்லயத்தை அழித்து, ஓடையை அழித்து, இஸ்தோப்புத் தூண் வரை வந்து நின்றது. மழைச் சத்தம் திடீரென்று ஓய்ந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. நனைந்த சாக்கின் வாடை வந்தது. கசங்கிய பச்சைக் கொழுந்தின் வாடையும் வெற்றிலை வாடையும் அதில் கலந்திருந்தன.

வெளியே கூடை இறங்கியது.

ஒரு இருமல்.

பீப்பாய்க்குள் தவளைகள் முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றன. எல்லாம். ஒன்றாக.

ஓடியிருக்கலாம். பின்கதவு கிடையாது லயக் காம்பராவுக்கு. கத்தியிருக்கலாம். வேலாயி இன்னும் மலையில். நாகலெட்சுமி கதவைத் திறந்தாள்.

அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் சாய்ந்து, எப்போதும் போல. தலையில் கட்டிய துணி முகத்தில் பாதியை மறைத்திருந்தது. தெரிந்த பாதியில் நிறமே இல்லை. சுவரின் வெள்ளைக்கும் அவளுக்கும் வித்தியாசமில்லை. கண் திறந்திருந்தது. திட்டவில்லை. கேட்கவில்லை. களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். அந்தக் களைப்புதான் தாங்க முடியாததாக இருந்தது.

கால்களை நீட்டினாள்.

பாதத்திலிருந்து முழங்கால் வரை தோல் தெரியவில்லை. எல்லாம் உயிரோடு. எல்லாம் குடித்துக்கொண்டு. வால்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின.

"அம்மா, போதும்மா."

குரல் வெளியே வந்ததா தெரியவில்லை. அம்மா அவள் கையைப் பார்த்தாள். நாகலெட்சுமியும் பார்த்தாள். கையில் இடுக்கி இருந்தது. எப்போது எடுத்தாள்?

பின்னால் தவளைகள் கத்தத் தொடங்கின. இத்தனை மாதத்தில் ஒருநாளும் கத்தாதவை.

மண்டியிட்டாள். ஒன்றை எடுத்தாள். கடிவாயில் ரத்தம் வரவில்லை. வெள்ளையாக ஒரு பொட்டு. இன்னொன்று. இன்னொன்று. பக்கத்திலிருந்த கிண்ணம் நிறைந்தது. பேசினை இழுத்துக்கொண்டாள். இடுக்கி ஒருமுறையும் தவறவில்லை. அதுவும் தெரிந்தது. பாதம் வெளுத்து வந்தது. கெண்டைக்கால். முழங்கால்.

முடிந்தது என்று நிமிர்ந்தாள்.

அம்மா படங்கை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டாள்.