இறங்காமல் எழும்பிய விமானம்

"அப்பா, படகுக்குத் துறையோட கோபமோ? கிட்ட வந்திட்டு ஏன் திரும்புது?"

ஜெனீற்றா ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. அவளுடைய அப்பா அன்ரனிதாஸ் எழுவைதீவுக்குப் பயணிகள் படகு ஓட்டுபவர்.

"கோபமில்லை, பிள்ளை. காத்துத் தள்ளுது. ஒருக்காச் சுத்திப்போட்டு வாறன்" என்று அப்பா சிரித்தார்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பலாலி விமான நிலைய வாசலில், அப்பாவின் குடைக்குள் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு அம்மா வருகிறார். துபாயிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து இந்த விமானத்தில் ஏறியிருக்கிறார். நாளை ஜெனீற்றாவுக்கு முதல் நன்மை; கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கான வெள்ளைச் சட்டையை அம்மா துபாயிலேயே தைப்பித்திருந்தார்.

"கை நீளம் எவ்வளவு?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோது, 'வந்து அளந்து பாருங்கோவன்' என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா அழுவாரே என்று சொல்லாமல் விட்டாள்.

மழைக்குள்ளிருந்து விளக்குகள் தெரிந்தன. சக்கரங்கள்கூடத் தெரிந்தன.

"அப்பா, அம்மா வந்திட்டா!"

மறுகணம் பெரிய இரைச்சல். விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே ஏறியது. எல்லோருடைய தலைக்கு மேலாகவும் போய் முகிலுக்குள் மறைந்தது.

"முடிஞ்சுது. இனி நேரே சென்னைதான்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"அந்தப் பைலட் ஒரு பயந்தாங்கொள்ளி!" என்று ஜெனீற்றா கத்தினாள். அப்பா குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, விசாரிப்பதற்காகக் காவலரிடம் ஓடினார்.

அருகில் ஒரு விம்மல் கேட்டது. நாரந்தனையிலிருந்து தாயோடு வந்திருந்த சின்னப் பையன் சுதன், மழையில் நனைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, எங்கட அப்பா என்னை வேண்டாமெண்டு திரும்பிப் போயிட்டாரோ?"

ஜெனீற்றாவுக்கும் அழுகைதான் வந்தது. ஆனாலும் அவனைக் குடைக்குள் இழுத்தாள்.

"நீ படகில போயிருக்கிறியோ?"

"ஓம். நயினாதீவுக் கோயிலுக்கு. வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தனான்."

"சரி, அதை விடு. காத்தடிக்கேக்க படகு துறையில முட்டினா ஆக்கள் விழுவினம். அதாலதான் சுத்திவரும். இந்த மழைக்குள்ள பைலட்டுக்கு இறங்கிற இடம் தெரிஞ்சிருக்காது." சொல்லச் சொல்ல அவளுக்கே விளங்கியது. "உன்ர அப்பா போகேல்லை. வாறதுக்குத்தான் சுத்துறார்."

"எத்தினை தரம் சுத்துவார்?"

"எங்கட அப்பா ஒருநாள் மூண்டு தரம் சுத்தினவர். 'என்ன அன்ரனிதாஸ், நேர்த்திக்கடனோ?' எண்டு ஊரே பகிடி பண்ணினது."

சுதன் சிரித்துவிட்டான்.

மழை சற்றுக் குறைந்தது. மீண்டும் அந்த இரைச்சல். இந்தமுறை விமானம் மரங்களுக்குப் பின்னால் தாழ்ந்து போனது. மேலே எழும்பவில்லை.

வெளியே வந்த அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு அவளை அணைத்தார்.

"கடைசி நேரத்தில மழை மறைச்சுப்போட்டுது, பிள்ளை. 'நிலம் வடிவாத் தெரியேல்லை. சுத்தி வந்து இறக்கிறன், பயப்பிடாதேங்கோ' எண்டு பைலட் சொன்னவர்."

ஜெனீற்றா தலைகுனிந்தாள். அந்த விமானியைக் காணலாமா என்று வாசலைப் பார்த்தாள். அவர் வெளியே வரவில்லை. சிறிது நேரத்தில் அதே விமானம் சென்னைக்குப் புறப்பட்டுப் போனது.

மறுநாள் காலை கோயிலில், அம்மா அவளுடைய முக்காட்டைச் சரிசெய்தபடி காதோடு சொன்னார்: "நன்மை வாங்கினதும் ஆண்டவரிட்டை ஒண்டு கேள். முதன்முதல் கேக்கிறதை அவர் தட்டமாட்டார்."

மூன்று வருடங்களாக ஜெனீற்றாவுக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

நன்மை வாங்கிவிட்டு, முழந்தாளிட்டுக் கண்களை மூடினாள்.

'ஆண்டவரே, அந்தப் பைலட்டை நான் பிழையாப் பேசிப்போட்டன். அவரின்ர பேர் எனக்குத் தெரியாது. அவர் எங்க இறங்கினாலும் நிலம் தெரியட்டும். அவரின்ர வீட்டிலயும் ஒரு பிள்ளை பாத்துக்கொண்டு இருக்கும்.'

வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "என்ன கேட்டனி?"

"சொல்லேலாது, அம்மா."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் படிகளில் மெதுவாக இறங்கினாள்.