எஸ்தர் ஆன்ட்டிக்கு ஒரு குடில்

அரையாண்டுத் தேர்வின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த ஸஹானா, புத்தகப் பையை மாடிப்படியிலேயே போட்டுவிட்டுக் கீழ்வீட்டுக்கு ஓடினாள். இனிப் பத்து நாள் விடுமுறை. பத்து நாளும் டேனியலுடன் என்ன விளையாடுவது என்று அவள் பரீட்சை மண்டபத்திலேயே பாதி யோசித்து வைத்திருந்தாள்.

முடிச்சூரில் அவர்கள் இருந்தது ஒரு மாடி வீடு. மேலே ஸஹானா, அவளுடைய அப்பா, அம்மா, ஆறு வயதுத் தம்பி பத்ரி. கீழே டேனியலும் அவன் பெற்றோரும். ஸஹானாவும் டேனியலும் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம்தான் வேறு வேறு.

கீழ்வீட்டு வாசலில் அவள் சட்டென்று நின்றாள். நட்சத்திர விளக்கு இல்லை. வராந்தா மூலையில் பொம்மைகள் அடுக்கிய கிறிஸ்துமஸ் குடிலும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டே நாள். அந்த மூலையில் ஒரு துடைப்பமும் இரண்டு செருப்புகளும் மட்டும் கிடந்தன.

ஸஹானாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து டிசம்பர் என்றால் அந்த மூலைதான். விடியற்காலையில் ஏரிப் பக்கமிருந்து பனி வந்து தெருவை மூடியிருக்கும். அம்மா வாசலில் கோலம் போடுவாள். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு ஸஹானாவும் டேனியலும் வாயால் புகை விடுவார்கள். யாருடைய புகை பெரியது என்று அவர்களுக்குள் சண்டை வரும். அப்போது டேனியலின் அம்மா எஸ்தர் ஆன்ட்டி கதவைத் திறந்து, "வாங்க, புல்லுக்குத் தண்ணி தெளிக்கலாம்" என்று கூப்பிடுவார். குடிலுக்காகத் தட்டில் விதைத்த கேழ்வரகு பச்சைப்பசேலென்று முளைத்திருக்கும். ஒரு கை தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். ஆனால் ஸஹானா எப்போதும் இரண்டு கை தெளித்துவிடுவாள்.

இந்த வருஷம் எஸ்தர் ஆன்ட்டி இங்கே இல்லை. ஆகஸ்டு மாதம் குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டார்.

டேனியல் வீட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஓர் அட்டைப்பெட்டி. அது ஊறிக் கிழிந்து, பாதி பிய்ந்துபோயிருந்தது. உள்ளே என்ன என்று ஸஹானா எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஏதோ கட்டி கட்டியாக இருந்தது. ஒரு கட்டியில் மட்டும் நீலச் சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அது மாதா," என்றான் டேனியல். "இது ஒட்டகம்னு நினைக்கிறேன்."

மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் கீழ்வீட்டின் பின்னறைக்குள் தண்ணீர் வந்திருந்தது. அரிசி மூட்டையையும் பள்ளிப் புத்தகங்களையும் கட்டிலின் மேல் ஏற்றிய டேனியலின் அப்பாவுக்கு, கட்டிலுக்குக் கீழே இருந்த இந்தப் பெட்டி நினைவுக்கு வரவில்லை. காகிதக் கூழால் செய்த பொம்மைகள். குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களும் சேர்ந்து ஒரே உருண்டையாகியிருந்தார்கள். பிழைத்தது ஒன்றே ஒன்று. பீங்கானால் செய்த குழந்தை இயேசு.

புதிதாக வாங்கினால் என்ன என்று ஸஹானா கேட்டாள். குரோம்பேட்டையில் போய் வாங்கித் தருகிறேன் என்று அப்பாவும் சொன்னாராம். டேனியல்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் பிறந்த வருஷத்திலிருந்து அவனுடைய அம்மா வருஷத்துக்கு ஒன்றாகத் தேடித் தேடிச் சேர்த்த பொம்மைகள் அவை. ஒரு பெட்டிப் பொம்மையை ஒரே நாளில் வாங்கி வைத்தால் அது வேறு யார் வீட்டுக் குடிலோ மாதிரி இருக்கும்.

"அப்போ இந்த வருஷம் குடில் இல்லைன்னு ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டியா?"

டேனியல் தலையைக் குனிந்துகொண்டான். சொன்னதே வேறு. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லையே என்று அம்மாவின் குரல் கம்மிவிட்டது. உடனே குடில் வைத்தாயா என்று வேறு கேட்டார். டேனியலின் வாயில், "வச்சாச்சும்மா, சூப்பரா இருக்கு" என்று வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் வருகிறேன், குடிலைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"நாளைக்கு," என்றாள் ஸஹானா.

"நாளைக்குத்தான்," என்றான் டேனியல்.

இருவரும் அந்தச் சாம்பல் உருண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஸஹானா மேலே போய், தன்னிடமும் பத்ரியிடமும் இருந்த பொம்மைகளையெல்லாம் ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு வந்தாள். பத்ரியும் கூடவே வந்தான். வராந்தா மூலையைப் பெருக்கிவிட்டு மூவரும் அடுக்கிப் பார்த்தார்கள். மாதாவுக்கு ஒரு பார்பி பொம்மை கிடைத்தது. அதற்கு ஒரு கை இல்லை. மாதாவின் கணவர் சூசையப்பருக்கு ஆளே இல்லாததால் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து நின்றார். மாடு இல்லை. அந்த இடத்தில் பத்ரி தன்னுடைய டைனோசரை நிறுத்தினான்.

டைனோசர் குழந்தை இயேசுவை எட்டிப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

டேனியலுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மறுபடி வாடிவிட்டது. இதை அம்மாவிடம் எப்படிக் காட்டுவது?

டேனியல் டைனோசரை எடுத்துவிட்டது பத்ரிக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் தரையில் தவழ்ந்துபோய், அது நின்ற இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டான். தலையில் வெள்ளைக் கம்பளிக் குல்லாய். "நான் ஆடு. நான் எழுந்திருக்க மாட்டேன். மே," என்றான்.

ஸஹானா அவனையே பார்த்தாள்.

"டேனி, பொம்மை எதுக்கு? நாமளே இருக்கோமே," என்றாள்.

சொன்னது புரிய டேனியலுக்கு ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான். நீ மாதா, நான் சூசையப்பர், பத்ரி ஆடு என்று அவனே மளமளவென்று அடுக்கினான். ராஜாக்களுக்கு என்ன செய்வது என்று கேட்டாள் ஸஹானா. மூன்று பேரும் பெருங்களத்தூர் சிக்னலில் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்றான்.

ஆனால் ஸஹானா ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பொம்மைகள் கரைந்துபோனதை முதலில் ஆன்ட்டியிடம் சொல்லிவிட வேண்டும். டேனியல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதுதான் குடில் என்று காட்டினால் போதாதா? எதற்காக அதைச் சொல்லி அம்மாவை அழவைக்க வேண்டும்?

"ஆன்ட்டிக்கு ஒவ்வொரு பொம்மையும் தெரியும்டா. அந்த ஒட்டகம் எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவே? அப்புறம் இன்னொரு பொய் சொல்லணும். அதுக்கு அப்புறம் இன்னொண்ணு. போன்ல பேசறப்போ எல்லாம் உனக்குப் பயமாவே இருக்கும்."

டேனியல் பீங்கான் குழந்தையை எடுத்துச் சட்டையில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"சரி, சொல்றேன். நீ பக்கத்துல இரு," என்றான் கடைசியில்.

மறுநாள் காலையில் வைக்கோல் தேடிப் புறப்பட்டார்கள். தெருக்கோடியில் மாரி என்பவர் நான்கு மாடு வைத்துப் பால் கறந்து விற்றுவந்தார். ஸஹானா அவரிடம் போய், ஒரு கட்டு வைக்கோல் கிடைக்குமா அண்ணா என்று கேட்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாரி பால் கேனைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இயேசு சாமி மாட்டுக் கொட்டாய்லதானே பொறந்தாரு? அப்ப மாடு இல்லாம இன்னா கொட்டாய் பாப்பா? நம்ம கன்னுக்குட்டி கீது. சாயங்காலம் இஸ்துகினு வரேன்," என்றார்.

அன்று மத்தியானம் முழுவதும் வேலை நடந்தது. ஸஹானாவின் அம்மா ஸ்ரீவித்யா தன் நீலப் பருத்திப் புடவையை மகளின் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டாள். டேனியல் தன் அப்பாவின் கைலியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டான். கண்மையால் தாடி வரைந்ததும் அவன் கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்று நின்றான். பத்ரிக்கு ஒரு வெள்ளைத் துண்டும், பஞ்சு ஒட்டிய இரண்டு காதுகளும். திருமுடிவாக்கத்தில் பட்டறை வேலை முடித்து வந்த டேனியலின் அப்பா ஜீவரத்தினம் அங்கிள் வாசலில் இவர்களைப் பார்த்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் உள்ளே போய், பரணிலிருந்த நட்சத்திரத்தைத் தேடி எடுத்துவந்து மாட்டினார்.

ஆறு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மாரி கன்றுக்குட்டியுடன் வந்து சேர்ந்தார். போன் ஒலித்தது. அங்கிள் அதை எடுத்து, திரையை டேனியலின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

எஸ்தர் ஆன்ட்டி வெள்ளைச் சீருடையில் இருந்தார். மகனின் தாடியைப் பார்த்து, இது என்ன கோலம் என்று கேட்டார். டேனியல் ஸஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். மழைத் தண்ணியில பொம்மை எல்லாம் கரைஞ்சுபோச்சு. ஒட்டகம், மாதா, எல்லாமே. குழந்தை மட்டும்தான் இருக்கு. நீ அழுவியேன்னு சொல்லலை."

திரையில் ஆன்ட்டி அசையாமல் இருந்தார். நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று ஸஹானா பயந்தாள். பிறகு ஆன்ட்டியின் உதடு மெல்ல அசைந்தது.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா? நீ பயந்துட்டியா கண்ணு?"

டேனியல் இல்லை என்று தலையாட்டினான். அப்புறம் ஆமாம் என்று தலையாட்டினான். கண்மைத் தாடியில் கண்ணீர் இறங்கி இரண்டு கோடு போட்டது.

"குடில் இருக்கு ஆன்ட்டி. பாருங்க," என்றாள் ஸஹானா.

எல்லாரும் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். அங்கிள் போனை மெதுவாக நகர்த்திக் காட்டினார். நட்சத்திர வெளிச்சத்தில் நீல முக்காட்டுடன் ஸஹானா. கையில் கம்புடன் டேனியல். நான்கு காலில் பத்ரி. நடுவே வைக்கோல் மேல் பீங்கான் குழந்தை. பின்னால் கன்றுக்குட்டி.

ஆன்ட்டி வாயில் கை வைத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு நிமிஷம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குள் கன்றுக்குட்டி முன்னால் வந்து குடிலைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் ஓரத்து வைக்கோல், பிறகு நடுவிலிருந்த வைக்கோல். குழந்தை இயேசு பக்கவாட்டில் சரிந்தது. மாதா முக்காட்டில் தடுக்கிக்கொண்டாள். சூசையப்பர் கம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். ஆடுதான் சட்டென்று இரண்டு காலில் எழுந்து நின்று குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டது.

ஆன்ட்டி சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட, திரையில் இன்னும் மூன்று நர்ஸுகளின் முகம் தெரிந்தது. இவன் என் பையன், இவள் மாடிவீட்டு ஸஹானா, அது ஆடு என்று ஆன்ட்டி ஒவ்வொருவராகக் காட்டினார்.

"நான் பத்ரி. ஆடு சும்மா வேஷம்தான்," என்று பத்ரி திருத்தினான்.

அதற்குள் எங்கோ மணி அடித்தது. ஆன்ட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, வார்டுக்குப் போக வேண்டும் என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரத்துல எனக்கு டீ டைம் வரும். அதுவரைக்கும் குடில் இருக்குமா?"

"இருக்கும்மா. கலைக்க மாட்டோம்," என்றான் டேனியல்.

அவர்கள் கலைக்கவில்லை. மாரி இன்னொரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போட்டார். ஸ்ரீவித்யா சூடான பாலும் முறுக்கும் எடுத்துவந்தாள். பனி இறங்கத் தொடங்கிய வராந்தாவில் மாதாவும் சூசையப்பரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பால் குடித்தார்கள். ஆடு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கன்றுக்குட்டியின் மேல் சாய்ந்தபடி முறுக்கைக் கடித்தது. போன் எப்போது ஒலிக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஒலித்தது. ஐந்து நிமிஷம் முன்னதாகவே.