கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஹன்னா

காலையில் பழவொளி நிலையத்துக்குள் நுழைந்ததும் கோமதி செய்கிற முதல் வேலை காதை அடைத்துக்கொள்வதுதான். ஒளிமடிப்பி என்கிற அந்த இயந்திரம் பழங்காலத்து வெளிச்சத்தைத்தான் பிடிக்கும், சத்தத்தைப் பிடிக்காது. பக்கத்து அறை அரட்டை காதில் விழுந்தால், திரையில் அசைகிற உதடுகள் அதையே பேசுவதுபோலத் தோன்றிவிடும். விக்டோரியா காலத்துப் பாதிரியார் ஒருவர் மீன்குழம்புக்குப் புளி போதவில்லை என்று பிரசங்கம் செய்ததாக அவள் ஒருமுறை பதிவுசெய்து, நிலையமே சிரித்தது.

அவள் இதழ்வாசிப்பாளர். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு பழைய ஆங்கிலேயர்களைப் பார்ப்பது அவள் உத்தியோகம். ஒரு காலத்தில் அவர்கள் நம் மூக்கை அளந்து புத்தகம் போட்டார்கள். இப்போது நம் முறை. ஆனால் கெக்கலி கொட்ட மனம் வரவில்லை. கடலின் வெந்நீரோட்டம் நின்று, அவர்கள் நாடு பனிக்கட்டியாகி, ஜனங்கள் கிடைத்த கப்பலில் ஏறி வெயில் உள்ள இடமாகத் தேடி வந்துவிட்டார்கள். வெயிலுக்கு இங்கே பஞ்சமா?

வானத்துக்குத் தெரிந்தது மட்டும்தான் திரைக்கும் தெரியும். துரைமார் ஓட்டுக்கூரைக்குள் விருந்து சாப்பிட்டபடி எதை முடிவுசெய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் தெருவில் இறங்கும்போது தொப்பி தெரியும், அவ்வளவுதான். நெசவு ஆலைகளுக்கோ, நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சாய்வான கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள். அதனால் தறியடியில் நின்ற பெண்களின் முகம் அப்படியே விழும். தறிச்சத்தத்தில் காது கேட்காமல் அவர்கள் வாயை அகல அகலத் திறந்து, உதட்டசைவாலேயே ஊர்க்கதை பேசினார்கள். கோமதிக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

ஒரே ஒரு கெடுபிடி. ஒரு பொழுதை ஒருமுறைதான் மடிக்க முடியும். அந்தப் பொழுதில் எந்த இடத்தைப் பார்க்கிறோமோ அது மிஞ்சும். உலகத்தின் மற்ற இடமெல்லாம் அந்தப் பொழுதுக்கு நிரந்தரமாக இருண்டுவிடும்.

அன்றைக்குக் குறித்திருந்த இடம் லிவர்பூல் துறைமுகம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, லங்காஷயர் நெசவாலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வராமல் போன வருஷம். தூத்துக்குடிப் பஞ்சோடு ஒரு கப்பல் அங்கே நிற்கிறது. மேல்தளத்தில் நம் ஊர் மாலுமிகள். இயக்குநர் வேலாயுதம் அந்த முகங்களுக்காகப் பல வருஷம் காத்திருந்தவர்.

அதே பொழுதைத்தான் ஆர்தர் ஹிண்டில் என்பவனும் கேட்டான். அப்படிக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசு, உப்பளத்தில் இயந்திரம் பழுதுபார்ப்பவன், கோமதியின் பக்கத்து வீட்டுக்காரன். பொன்னிறத் தலையும் சுத்தமான தூத்துக்குடிப் பேச்சுமாக முந்தின நாள் வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, ஞாயித்துக்கிழம மவளுக்குப் பேரு வைக்கோம். எங்க வழக்கப்படி ஒரு நாற்காலியச் சொவரப் பாக்கத் திருப்பிப்போட்டு, ஹன்னாவ வாய்க்கு வந்தபடி ஏசி வையணும்."

"அது யாருப்பா?"

"எங்க குடும்பத்துல பல தலமொறைக்கு முந்துன மூத்த பொம்பள. நெசவுக்காரி. ஆலையில பெல்ட்டு இழுத்து எடது காது அறுந்தவ. ஆலைய மூடுன அன்னைக்கு, கைப்பிள்ளையப் போட்டுட்டு ஓடிட்டாளாம். பிள்ள பொறந்த வீட்டுல மொத காரியமா ஒருத்திய வையணுமான்னு எம்பொண்டாட்டி அழுதா. அவ நெசமாவே ஓடுனாளாக்கா? பாத்துச் சொல்லுங்க."

முடியாது என்று சொல்லித்தான் கோமதி அனுப்பினாள். ஆனால் காலையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபோது, சுவரைப் பார்த்த அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது. பாழாய்ப்போன மனசு. கை லிவர்பூலை விட்டு ஹன்னாவின் ஆலைக்குத் திரும்பிவிட்டது.

காது அறுந்தவளைக் கண்டுபிடிக்கச் சிரமமிருக்கவில்லை. ஹன்னாவின் தறியில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இந்தியப் பஞ்சு, இழை குட்டை. பாதித் தறிகள் ஏற்கெனவே ஓய்ந்து நின்றன. இந்தப் பஞ்சைப் பறித்தவள் கை விளங்காமல் போக, என்று அவள் உதடு சபித்தது. கோமதிக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. பறித்தது அவள் வம்சமாகக்கூட இருக்கலாம்.

மதிய வேளையில் யாரோ கைப்பிள்ளையைப் பால்கொடுக்கத் தூக்கிவந்தார்கள். ஹன்னா வாங்கவில்லை. தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டையின் துளையில் வாய்வைத்து நூலை உறிஞ்சி இழுப்பது அங்கே வழக்கம். ஒருத்தி வாய்வைத்த இடத்தில் இன்னொருத்தி வைப்பாள், இருமலும் கூடவே வரும். ஹன்னா துணியில் இருமினாள், துணி சிவந்தது. எதிர்த்தறிக்காரியைப் பார்த்துக் கையை நீட்டிக் கெஞ்சினாள். அந்தப் பெண் பிள்ளையை வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டாள். ஹன்னா எட்ட நின்றபடியே உதட்டை அசைத்தாள். கோமதி ஓர் அசைவு விடாமல் வாசித்தாள். அதற்குள் கடைசித் தறியும் நின்றது. பெண்கள் கலைந்தார்கள்.

மறுநாள் வேலாயுதம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நம்ம ஊர்க்காரங்க மொகம் போச்சேம்மா. இனி எவனும் பாக்க முடியாதே."

"தெரியும் சார்," என்றாள் கோமதி. அந்த மாலுமிகளுக்காக அவளுக்கு நெஞ்சு வலித்தது, பொய்யில்லை. இயந்திரத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவளைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள்.

அன்று மாலை ஆர்தரிடம் சொல்லப் போனவள், வாசலில் கொஞ்சம் தயங்கினாள். ஹன்னா மறைக்கச் சொன்னதல்லவா அது? பிறகு, தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே, அந்த லங்காஷயர்க்காரி சொன்னதைத் தன் தூத்துக்குடிப் பேச்சிலேயே சொன்னாள்.

"நான் ரொம்ப நாள் தாங்கமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன். செத்துட்டேன்னு பிள்ளட்டச் சொல்லாத, ஏங்கிப்போவும். ஓடிட்டான்னு சொல்லு. என்னைய ஏசி வஞ்சுக்கிட்டாவது வளரட்டும்."

ஆர்தர் தொட்டிலை மெல்ல ஆட்டிவிட்டான்.

"அப்ப நாங்க இத்தன காலமும் அவ சொன்னபடிதான் செஞ்சிருக்கோம்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். நாற்காலி வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக் கிடந்தது. வைய வேண்டிய நேரம் வந்ததும் எல்லோரும் ஆர்தரைப் பார்த்தார்கள். வையாமல் விட்டால் ஹன்னாவின் பேச்சை மீறியதாகும். வைவதற்கோ வாய் வரவில்லை. அவன் நாற்காலியைத் தூக்கி மேசையைப் பார்க்கப் போட்டான். அதன் முன் ஒரு தட்டை வைத்து, ஹன்னா உட்கார்ந்தால் மடியிருக்கும் இடத்தில் குழந்தையைப் படுக்கவைத்து, கீழே விழாமல் கையால் பிடித்துக்கொண்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வைதான்.

"ஏட்டி ஹன்னா, கூறுகெட்டவளே! பச்சப்பிள்ளையப் போட்டுட்டு இவ்வளவு காலமா எங்கட்டி போயிருந்த? உக்காரு. சோறு ஆறுது, சாப்புடு."