வேறுபாடு குறைந்த நாட்கள்

"நேற்றைய வேறுபாடு மிகக் குறைவு" என்று பேழை அறிவித்தது. மாதேஷ் எழுந்து பல் துலக்கப் போனான். நல்ல செய்தி. ரேணுகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேழை கட்டிலுக்கடியில் இருந்தது. தேங்காய் அளவு இருக்கும். தொட்டால் லேசாகச் சுடும். அவனுடைய நரம்பணுக்களிலிருந்து வளர்த்தது. எல்லார் வீட்டிலும் அவரவருக்கு ஒன்று உண்டு. காதுக்குப் பின்னால் பதித்த பதிவி, பகலெல்லாம் கண்டதையும் கேட்டதையும் திரட்டும். ஆள் உறங்கும்போது பேழைக்கு அனுப்பும். பதிவி வந்தபின் மூளை எதையும் தானாக வைத்துக்கொள்வதில்லை. கற்றது தங்கும். நடந்தது பேழையில் இருந்தால்தான் உண்டு.

பேழையை ஓர் அளவுக்குமேல் வளர்க்க முடியாது. ஒருவருக்கே இரண்டு வளர்த்துப் பார்த்தார்கள், இரண்டும் கெட்டுப்போயின. இடம் நிறைந்தால் மிகப் பழைய நாள் அழிந்து புதிய நாளுக்கு வழிவிடும். ஆரம்பத்தில் பிடித்த நாட்களைப் பூட்டிவைக்கும் வசதி இருந்தது. சிலர் தங்கள் இளமை மொத்தத்தையும் பூட்டிவிட்டு, காலையில் சாப்பிட்டோமா என்று தெரியாமல் அலைந்தார்கள். வசதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பள்ளிக்கூட நாட்கள் போனால் போகட்டும் என்றிருந்தார்கள்.

மாதேஷும் அப்படித்தான் இருந்தான், ரேணுகாவின் காரியம் முடிந்த மத்தியானம் வரை.

அன்று ரேணுகாவின் தங்கை ஜனனி அழுதுகொண்டே சிரித்தாள். "தாலி கட்டறப்ப உங்க கை ஆடுன ஆட்டம் இருக்குதே மாமா! அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

அவனும் சிரித்துவைத்தான். அவனுக்குக் கல்யாணம் நினைவில் இல்லை.

வீட்டுக்கு வந்து பேழையைத் திறந்து பார்த்தான். கல்யாணம் இல்லை. முதல் வருடமே இல்லை. வால்பாறைக்குப் போனதாகச் சுவரில் படம் இருந்தது. படத்தில் அவனும் இருந்தான். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் ஒரு நாளைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் இரண்டு வருடம். அதன்பின் ஆஸ்பத்திரி.

வழி ஒன்று இருந்தது. பேழை நாள் முழுவதையும் சேமிப்பதில்லை. முந்தைய நாட்களிலிருந்து எது வேறுபடுகிறதோ அதை மட்டும் சேமிக்கும். அதே தெரு, அதே வேலை என்றால் இடம் தேவையில்லை. புது முகம், புது ஊர், சண்டை, சிரிப்பு, இவைதான் இடம் பிடிக்கும்.

மாதேஷ் இவற்றையெல்லாம் நிறுத்தினான்.

உடுமலைக்கு வெளியே காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் பொறியாளன் அவன். தினம் ஒரு கோபுரம், தினம் ஒரு கோளாறு. உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றல் கேட்டான்.

"கிடங்குக்கா? அங்க ரிட்டயர் ஆகப் போறவங்களே போக மாட்டேங்கறாங்க" என்றார் மேலாளர். "மேல ஏற பயமா இருக்குதா?"

"ஆமாங்க" என்றான். அதுதான் சுருக்கமான பதில்.

ஒரே நிறத்தில் சட்டைகள் வாங்கினான். வீட்டில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தான். சாப்பாட்டுக்கு ஒரே மெஸ்.

"ஆப்பம் ஊத்தியிருக்கறேன் கண்ணு, ஒண்ணு தின்னு பாரு" என்பார் மெஸ்காரம்மா.

"இட்லி போதுங்க."

"இட்லிக்கே உன்னப் பாத்தா அலுத்துப்போயிருக்கும்."

அவன் சிரிக்க மாட்டான். நாளடைவில் அவரும் கேட்பதை விட்டார். தட்டு தானாக வந்தது.

ரேணுகாவின் நாட்களையும் அவன் திறப்பதில்லை. பார்ப்பதும் ஓர் அனுபவம். அதுவும் இடம் பிடிக்கும். இருக்கிறாள் என்பது போதும். ஒவ்வொரு காலையும் பேழை அதே வாசகத்தைச் சொன்னது. மாதங்கள் போயின. எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனனி பத்திரிகையோடு வந்தாள். அவளுக்குக் கல்யாணம், ஈரோட்டில்.

"மாமா, நீங்கதான் முன்ன நிக்கோணும். அம்மா சொல்லி உட்டுச்சு."

"வரல ஜனனி."

"வேலைய சொல்லாதீங்க. கிடங்குல நட்டுபோல்ட்டு ஓடியா போயிரும்?"

"வந்தா அங்க எல்லாம் புதுசு. அத்தனை ஜனம். ஒரு நாளாச்சும் அழியும்."

"அழிஞ்சா அழியட்டும்! எல்லாருக்கும்தான் அழியுது."

"அது உங்கக்கா நாளு."

ஜனனி வால்பாறைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தினமும் எடுத்துப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்கறதில்ல. பாத்தா அதும் பதியும்."

"அப்புறம் எதுக்கு?"

"இருக்கட்டும்னுதான்."

"நகையெல்லாம் லாக்கர்ல பூட்டிட்டு மூளிக் கழுத்தோட திரியற கதை." அவள் குரல் ஏறியது. "அக்கா இருந்திருந்தா உங்கள இழுத்துட்டே வந்திருப்பா. எனக்கு ஒரே அக்கா. அவ இடத்துல நிக்க உங்கள உட்டா யாரு இருக்கா? நான் ஒருத்தி உசுரோட முன்னால நிக்கறேன், உங்களுக்கு அந்தப் பெட்டிதான் பெருசு!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ அவனைத் தொட்டு வெகுநாளாகியிருந்தது. விரல்கள் சூடாக இருந்தன. இது நிறைய இடம் பிடிக்கும் என்று நினைத்தான். கையை விடுவித்துக்கொண்டான்.

அவள் பத்திரிகையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பேழை வேறு வாசகம் சொன்னது. "நேற்றைய வேறுபாடு மிக அதிகம். போதிய இடம் உள்ளது."

அவன் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து பேழையை இழுத்தான். முக்கால்வாசி காலியாக இருந்தது. உதவி மையத்தை அழைத்தான். ஓர் இளம்பெண் எடுத்தாள்.

"சார், நல்ல விஷயம்தானே? நிறைய பேர் இடம் இல்லைன்னுதான் கூப்பிடுவாங்க."

"எப்படிங்க வந்துச்சு?"

"எது வேறுபாடு, எது இல்லைங்கறத உங்களப் பாத்துதான் சார் பேழை கத்துக்கும். உங்க நாளெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்குது. சின்னச் சின்ன வித்தியாசம் உங்களுக்கு முக்கியமில்லைன்னு அது பழகிக்கிச்சு. நேத்து பெருசா ஒண்ணு வரவும் இடம் பத்தல. அதனால எதையும் அழிக்கறதுக்கு முன்னால, பழைய நாளையும் அதே அளவுகோல்ல பாத்து, ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேத்துடுச்சு."

"பழைய நாள்னா எதுவரைக்கும்?"

"மொத்தமும் சார்."

"அந்த ரெண்டு வருசமுமா?"

"எதுவும் போகல சார். எல்லாத்துக்கும் மாதிரியா ஒரு நாள் வெச்சிருக்கும். திறந்து பாருங்க, உங்களுக்கே தெரியும்."

திறந்தான்.

ஆஸ்பத்திரி நாட்கள் அப்படியே இருந்தன. அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஜனனி அழுதது இருந்தது. அவற்றுக்கு முன்னால் இரண்டு வருடம் இருந்த இடத்தில் ஒரே ஒரு நாள்.

கண்ணை மூடி அதற்குள் போனான்.

காலை. இதே வீடு. குக்கர் சத்தம். அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கைத்திரையில் காற்றின் வேகக் கணிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் பாத்திரம் நகர்ந்தது. வளையல் சத்தம். இடதுபக்கத்திலிருந்து ஒரு கை வந்து காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் போனது. அவன் அதைப் பார்க்காமலே எடுத்துக் குடித்தான்.

"ஏனுங்க, சாயங்காலம் சீக்கிரம் வாரீங்களா?"

அவள் குரல். மாதேஷ் காத்திருந்தான். பேழைக்குள் அன்று அவன் கண்கள் போன இடத்துக்குத்தான் போக முடியும். அவை திரையில் இருந்தன. எந்தக் காலையிலும் அநேகமாக அங்கேதான் இருந்திருக்கும். இல்லாவிட்டால் பேழை இந்த நாளைத் தேர்ந்திருக்காது.

"ஏனுங்க, கேக்குதா?"

"ம்" என்றது அவன் குரல். விரல் திரையைத் தள்ளியது. அடுத்த பக்கம் வந்தது.