குழாயில் ஏறிய சேறு

நேற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டரில் அவள் போட்ட பேனாக் கோட்டைத் தாண்டி, குழாய்க்குள் சேறு இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

கழிமுகத்திலிருந்து எடுத்து வந்த சேறு நாளாக ஆக நீர் வடிந்து இறுகும், ஒருபோதும் ஏறாது. ஆய்வகத்தின் குளிரறையில் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, சுவரோரம் நின்ற பதினொரு பிளாஸ்டிக் குழாய்களில் இது ஒன்று மட்டும் காய்ச்சல்காரனைப் போல வியர்த்திருந்தது. மூடியிடுக்கில் அழுகிய முட்டையும் தாரும் கலந்த வாடை கசிந்தது.

தங்கை எடுத்த குழாய்.

பார்த்தாலே வயிறு எரிந்தது. அந்தச் சேற்றில் பாதரசம் எங்கிருந்து வந்து சேர்கிறது என்று ஆறு வருடம் அலைந்தவள் அவள். போன வருடம் இங்கே வேலைக்குச் சேர்ந்த தங்கையோ, மூன்றே மாதத்தில், மூடிக்கிடக்கும் தொழிற்சாலை ஒன்றின் புதைந்த கழிவுநீர்க் குழாய்வரை தடம் பிடித்துவிட்டாள்.

"பெரியவங்க ஆறு வருஷமாத் தேடினத சின்னவங்க மோப்பம் பிடிச்சே கண்டுபிடிச்சுட்டாங்க!" என்றார் ஆய்வக இயக்குநர், போன வாரக் கூட்டத்தில். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

இன்று காலை, கடைசி மாதிரி எடுக்கவேண்டிய இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். எண்ணில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றித் தங்கையிடம் கொடுத்திருந்தாள். வெறுங்கையோடு திரும்பட்டும். ஒரு நாளாவது தலைகுனியட்டும். அவ்வளவுதான் நினைத்தாள்.

கைபேசி ஒலித்தது.

"அக்கா, நீ குடுத்த இடத்துல தரையே இல்லக்கா. படகுலேருந்து இறங்கினதும் முழங்கால்வரைக்கும் உள்ள போயிடுச்சு. எந்தப் பக்கம் கெட்டியா இருக்கும்?"

இடப்பக்கம் பத்தடியில் சிப்பித் திட்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் சொன்னால், தெரிந்தேதான் அனுப்பினாள் என்று ஆகிவிடும்.

"நீ எங்க நிக்கறேன்னே எனக்குப் புரியலடி. இரு, பாக்கறேன்."

குழாய்க்குள் சேறு நகர்ந்தது. எழுபது. அடியிலிருந்து யாரோ தள்ளுவதுபோல, மெதுவாக, வழவழவென்று.

"அக்கா, தொடைக்கு வந்துடுச்சு. படகுக்காரர் கயிறு தேடறாரு. சீக்கிரம் சொல்லேன்."

எழுபத்தெட்டு.

கைதட்டல் காதில் கேட்டது.

"அக்கா, இடுப்பு..."

"இடப்பக்கம்! இடப்பக்கம் சிப்பித் திட்டு இருக்கு, அந்தப் பக்கமா சாஞ்சுக்கோ!"

மறுமுனையில் தாழ்ந்த குரலில்:

"அப்போ இந்த இடம் உனக்குத் தெரியுமாக்கா?"

இணைப்பு அறுந்தது.

தொண்ணூறு. விசிறி நின்றது. அறையில் சத்தமே இல்லை. வாடை மட்டும். சேறு மூடியைத் தொட்டது. மூடி உப்பியது.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. படகுக்காரர்.

"மேடம், பயப்படாதீங்க. தங்கச்சியத் தூக்கிட்டோம். அடி கிடி ஒண்ணும் இல்ல."

"போனை அவகிட்ட குடுங்க."

"பேச மாட்டேங்கறாங்க மேடம். என்ன கேட்டாலும் சிரிக்கறாங்க. உங்களத்தான் பாக்கணும்போல, கைய நீட்டி உங்க ஆபீஸ் பக்கமே காட்டறாங்க. இதோ, கரைக்கு வந்துட்டோம்."

டப்பென்று மூடி தெறித்தது.

குழாயின் வாயில் கறுப்புச் சேறு விளிம்புவரை தளும்பி நின்றது. நடுவில் ஒரு பிளவு. அது விரிந்தது. உள்ளே பற்கள், சிறியவை, வரிசையாக.

"அக்கா," என்றது தங்கையின் குரல், மூச்சுத் திணற. "அவங்க வேற யாரையோ படகுல ஏத்திக்கிட்டுப் போறாங்கக்கா."

சேறு வழிந்து உதடுகளை மூடியது. உதடுகள் மறுபடி திறந்தன.