அரை டிகிரி

அறுத்த எலுமிச்சம்பழம் இரண்டாகப் பிரியவில்லை.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தது. சமையல் மேடையில் பழத்தை வைத்து ஈஸ்வரமூர்த்தி நடுவே கத்தியை இறக்கினார். கத்தி உள்ளே போய்ப் பலகையைத் தொட்டதைக் கண்ணால் பார்த்தார்; கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, வெறுங்காற்றில் இறக்கியது போல இருந்தது. கத்தியை எடுத்த பிறகும் பழம் முழுப் பழமாகவே உட்கார்ந்திருந்தது. தோலில் ஒரு கோடு இல்லை, சொட்டுச் சாறு இல்லை, எலுமிச்சை வாசனை கூட எழவில்லை.

"ஏனுங்க, அறுத்துத் தாரேன்னு வாங்கிப்போட்டு அப்படியே முழுசா வெச்சிருக்கறீங்க?" என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி ராசாத்தாள் அதைக் கையில் எடுத்தாள். எடுத்த வேகத்தில் பழம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி உருண்டு போய்த் தொட்டிக்குள் விழுந்தது. "அட, அறுத்துத்தான் இருக்குது!" என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. பதினான்கு டிகிரி, என்று நினைத்துக்கொண்டார். ஐந்து மாதத்தில் அவருக்குள் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது அன்றைக்குத்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், தொண்ணூற்றாறாம் வருஷம் மே மாதம், பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் வேலை பார்த்த பம்ப்செட் கம்பெனியை மூடிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் டூல் ரூமில் இருந்தவர். அதில் கடைசிப் பத்து வருஷம் அளவு பார்த்து அனுப்புகிற வேலை. மயிரிழை கூடினாலும் பீஸை ஓரமாகத் தள்ளிவிடுவார். சொந்த மச்சான் கடைந்த பீஸ் என்றாலும் தள்ளிவிடுவார். கம்பெனியை மூடிய அன்று கேட்டுக்கு வெளியே ஆட்கள் அழுதார்கள், திட்டினார்கள், ஒருவன் மண்ணை வாரித் தூற்றினான். இவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தூக்குப்போசியில் இருந்த தயிர்சோற்றைச் சாப்பிட்டு முடித்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். துக்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. ராசாத்தாள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். காரமடையில் இருக்கிற அண்ணனைப் பற்றி, அண்ணியின் மூட்டுவலியைப் பற்றி, பக்கத்து வீட்டு அற்புதம் டீச்சரின் கோழிகளைப் பற்றி. எல்லாவற்றுக்கும் அவர் 'ம்' என்பார்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இருபத்தாறு வருஷம் அளந்த கை மட்டும் சும்மா இருக்குமா? கத்தி தீட்ட ஒரு கருவி செய்தார். கத்தியைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்னக் கிடுக்கி, அதற்கு எதிரே ஒரு இரும்புக் கம்பம், கம்பத்து ஓட்டையில் நுழைந்து வரும் நீளக் கம்பி, கம்பியின் நுனியில் எண்ணெய்க் கல். ஓட்டையைக் கீழே இறக்கினால் தீட்டுகிற கோணம் குறையும், கத்தி வாய் மெலியும். கை நடுங்கினாலும் கல் நடுங்காது. கல்லை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் தேடி வாங்கினார். கோணம் பார்க்க மெல்லிய தகட்டில் டிகிரிக்கு ஒன்றாக இருபது இலைகள் வெட்டி, சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையத்தில் கோத்து வைத்தார். கத்தியின் சரிவில் இலையை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் அளவு தப்பு.

வீட்டுக் கத்திக்கு இருபது டிகிரி போதும் என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. முதல் மாதம் இருபதில்தான் நிறுத்தினார். பிறகு பதினெட்டு. பதினாறு. கத்தியும் அவரே செய்தது, கல்யாணமான வருஷம், இரும்பு அறுக்கிற பவர் ஹேக்சாவின் உடைந்த பிளேடில். எவ்வளவு மெலிந்தாலும் உதிராத எஃகு. இறக்க இறக்க அது இடம் கொடுத்துக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு டிகிரிக்கு வந்தது. பழைய பழக்கத்தில் கத்தி வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, பேப்பர் படிக்கையில் தாளைப் புரட்ட விரலை மடக்கினார். அப்போதுதான் தோல் வாய் திறந்தது. பேப்பர் நனைகிற அளவுக்கு ரத்தம். வலி மட்டும் இல்லை. யாருடைய விரலையோ பார்ப்பது போல அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராசாத்தாள் ஓடிவந்து துணியைச் சுற்றினாள். "வலிக்கலீங்களா?"

"இல்ல."

"எனக்குப் பயமா இருக்குதுங்க. பழசுபடி இருபதுக்கே கொண்டாந்துருங்க. சமைக்கறது நானுங்க. எனக்கு இது வேண்டாமுங்க."

"ம்."

"என்னைய நிமிந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க என் மூஞ்சியப் பாத்தே அஞ்சு மாசம் ஆச்சு."

அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை 'ம்' என்றார். பத்துக்குப் போய்விட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. ராசாத்தாள் வீட்டைக் கழுவி, கேட்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினாள். ஹாலில் பலகை போட்டு, கத்தி, கத்தரிக்கோல், ஸ்பானர், அவருடைய கருவி, இலைக்கொத்து எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். பொரி, கடலை, சுண்டல். சூடம் காட்டி முடித்ததும், "விடியற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுங்க," என்றாள். இதை அவருக்கே சொல்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. கம்பெனியில் பூஜை முடிந்து மெயின் சுவிட்சை அணைப்பவர் அவர்தான். ஒரு தடவை கூட வேலை பார்த்த அங்கப்பன் விளையாட்டாக டிரில்லிங் மெஷினின் பிடியைச் சுழற்றினதற்கு, "வருஷத்துல ஒரு நாள்தான்டா அதுக்குத் தூக்கம், அதையுமா கெடுப்ப?" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியவர்.

பொரித் தட்டோடு ராசாத்தாள் அற்புதம் டீச்சர் வீட்டுக்குப் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். காலையில் பத்து டிகிரி இலையை வைத்துப் பார்த்தபோது மெலிதாக ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்திருந்தது. பத்தரை. அரை டிகிரி கூடுதல். அதற்குள் அவள் கத்தியை வாங்கிக் கழுவப் போய்விட்டாள். அந்தக் கீற்று இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அரை டிகிரி தப்பின பீஸை நீ பாஸ் பண்ணுவாயா, என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

பண்ணமாட்டார்.

கத்தியை எடுத்தார். கட்டைவிரலால் குங்குமத்தைத் துடைத்தார், கிடுக்கியில் மாட்டினார், கல்லில் எண்ணெய் விட்டார். ஸ்ரீக். ஸ்ரீக். சந்தன வாசனையும் எண்ணெய் வாசனையும் தீட்டின இரும்பின் கசப்பும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. குத்துவிளக்குச் சுடர் கல் போகிற பக்கம் சாய்ந்து வருகிற பக்கம் நிமிர்ந்தது. ஒரு பக்கம் இருபது தடவை. கத்தியைத் திருப்பி மறுபக்கம் இருபது. எண்ணி முடித்துக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்ரீக்.

கம்பி அசையவில்லை. கல் இருந்த இடத்தில் இருந்தது. சத்தம் மட்டும் இருபத்தோராவது தடவையாக கத்தி வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் போய் முடிந்தது.

பயப்பட வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது, பயம்தான் வரவில்லை. இலையை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் இல்லை. சரியாகப் பத்து. கத்தியைத் துடைத்து, குங்குமத்தைக் குழைத்துப் புதுப் பொட்டு வைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

"எதையும் தொடலீங்களே?" என்று கேட்டுக்கொண்டே ராசாத்தாள் உள்ளே வந்தாள்.

"இல்ல."

அவள் நம்பினாள். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளிடம் அளவு தப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விடியக்காலையில் ஹாலிலிருந்து ஒரு உரசல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கண் திறந்ததும் நின்றுவிட்டது. பக்கத்தில் ராசாத்தாள் இல்லை. சமையலறையில் பாத்திரம் உருள்கிற சத்தம் வந்தது. எப்போதும் போல முன்னால் எழுந்துவிட்டாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுப் பூட்டைத் திறக்கப் போனார். பனி லேசாக இறங்கியிருந்தது. வலது பக்கத்து வாழைக்கன்று சற்று முன்னால் சாய்ந்து நிற்பது போலப் பட்டது. நிமிர்த்தலாம் என்று கையை வைத்தார்.

மேல்பாதி வழுக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. வெட்டுவாய் சாய்வாக, கண்ணாடி போல இருந்தது. வாழைச்சாறு ஒரு துளி கசியவில்லை.

எவனோ குறும்பன் வேலை என்று நினைத்துக்கொண்டார். முற்றத்துக் கொடியில் துண்டைப் போட்டார். கொடிக்கயிறு துண்டோடு சேர்ந்து தரைக்கு வந்தது. வாசற்படியில் கிடந்த முந்தின நாள் பேப்பரை எடுத்தார். கையில் பாதிதான் வந்தது.

கேட்டு. முற்றம். வாசற்படி. வரிசையாக உள்ளே வந்திருக்கிறது.

ஹாலில் கத்தி பலகைமேல் அதே இடத்தில் இருந்தது. அவர் வைத்த குங்குமப் பொட்டு காய்ந்து, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. யாரும் தொட்டிருக்க முடியாது. ஆனால் கல்லில் எண்ணெய் ஈரமாக மின்னியது. இலைக்கொத்தை எடுத்தார். பத்தாம் இலையை வைத்தார். வெளிச்சம். ஒன்பது. வெளிச்சம். ஆறு. மூன்று. கடைசியாக ஒன்றாம் இலை. அப்போதும் வெளிச்சம். அதற்குக் கீழே அவரிடம் இலை இல்லை.

படுக்கையறைக்குப் போனார். போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. தன் தலையணையைத் தூக்கினார். முழுசாக வந்தது. அவளுடையதைத் தூக்கினார்.

பாதி வந்தது. பஞ்சு சிதறவில்லை. வெண்ணெயை வெட்டியது போல நேராக இருந்தது. தலை வைக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே.

"ஏனுங்க! காப்பி ஆச்சு. கொண்டாரட்டுங்களா?"

"வராத!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "அங்கயே நில்லு. திரும்பாத."

ஓடினார். அவள் அடுப்பைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பால் சூடேறிக்கொண்டிருந்தது. அவள் காலடியில், தரையில், மஞ்சள் கயிறு கிடந்தது. தாலியோடு. அறுந்து. அவளுக்குத் தெரியவில்லை.

கொண்டைக்குக் கீழே பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குத் தன் தலையைச் சாய்த்துப் பார்த்தார், இலையை வைத்துப் பார்ப்பது போல. அப்போது தெரிந்தது. மயிரிழையை விட மெல்லிய கோடு. ரத்தம் இல்லை. பிடரியில் தொடங்கி, காதுக்குக் கீழாக, முன்பக்கம் போனது. சுற்றிலும்.

எலுமிச்சம்பழம்.

"என்னங்க ஆச்சு? ஒரு மாதிரி கூப்பிட்டீங்க?"

"பேசாத அம்மணி. அசையாத. தலைய ஆட்டாத." அவள் தலையை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் பிடித்தார். மெல்ல நகர்ந்து அவள் முன்னால் வந்து, அவள் முகத்தைப் பார்த்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. எப்போது இளைத்தாள்? ஐயோ, இவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், என்று நெஞ்சுக்குள் ஏதோ உடைந்து, பயமும் பாசமும் அழுகையும் ஒன்றாகத் திரண்டு வந்தன.

ராசாத்தாளின் கண்கள் மலர்ந்தன. அவர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். உதட்டில் சிரிப்பு வரப் பார்த்தது.

"சிரிக்காத கண்ணு. சித்த அப்படியே இரு."

வாசலில் கேட்டுத் திறக்கிற சத்தம். "ராசாத்தாளக்கா!" அற்புதம் டீச்சர். பொரித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். "அக்கா, வாழைக்கன்ன யாருங்க வெட்டுனது?"

யார் கூப்பிட்டாலும் ராசாத்தாள் உடனே திரும்பிவிடுவாள். அதுதான் அவள் சுபாவம்.

அவர் பிடியை இறுக்கினார். இறுக்கினோமா? தெரியவில்லை. அவள் கன்னத்துச் சூடு கைக்குத் தெரியவில்லை. முடி தெரியவில்லை. விரலே தெரியவில்லை. அவள் தலை திரும்புகிறதா, இல்லையா என்றும் தெரியவில்லை.

குனிந்து தன் கையைப் பார்த்தார்.

இரண்டு மணிக்கட்டிலும். மயிரிழையை விட மெல்லியதாக. சுற்றிலும்.

"அக்கா!"

பால் பொங்கி, வழிந்து, அடுப்பில் சீறியது. அவர் பிடித்துக்கொண்டே நின்றார்.