கடல் கொண்டுபோன கம்பளி

குச்சியைக் காணோம்!

பூரணி மணலில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். ஈர மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. இங்கேதானே... இந்த இடத்தில்தானே புதைத்தாள்? அடையாளத்துக்கு ஊன்றிய குச்சியும் இல்லை. கம்பளியும் இல்லை. அலை மட்டும் வந்து அவள் பாவாடையை நனைத்துவிட்டு ஓடியது.

"என்ன பிள்ளை தேடுறாய்?" மீன்கூடையோடு போன ஒருத்தி நின்றாள். "அமாவாசையெல்லோ இண்டைக்கு. தண்ணி ஏறும்."

ஏறுமா? பூரணியின் மலையூர் லிந்துலையில் ஆறு தன் பாட்டுக்கு ஓடும். கரையில் வைத்த துணி பொழுது சாயும்வரை வைத்த இடத்திலேயே கிடக்கும். தண்ணீர் நடந்து வந்து எடுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஐயோ... அது அவனுடைய கம்பளி!

ஆடி அமாவாசைக்குக் கடலாட இரண்டு லொறிகள் திருகோணமலைக்கு வந்திருந்தன. ஒன்று லிந்துலையிலிருந்து, இன்னொன்று பொகவந்தலாவையிலிருந்து. மலைக்குளிரில் திறந்த லொறியில் வந்ததால் எல்லார் தோளிலும் தோட்டத்துக் கறுப்புக் கம்பளி.

காலையில் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்தான் அவனைப் பார்த்தாள். அவன் வாளி சாய்ந்து, அவள் பாதத்தில் சுடச்சுடத் தண்ணீர்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"மன்னிச்சிருங்க... தண்ணி இம்புட்டுச் சுடும்னு எனக்கும் தெரியாது." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒங்க பார்வை அதவிடச் சுடுது."

சிரித்தான். மழை விட்ட கையோடு தேயிலை மலையில் வெயில் விழுமே... அப்படி ஒரு கண். பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே என்னமோ வழுக்கியது.

அதே கண் மத்தியானம் கோணேசர் கோயில் வாசலில் அழகம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

அழகம்மா லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராக்காரி. கூடவே கொழுந்து கிள்ளுகிறவள். கோயிலடியில் திரிந்த மானுக்கு வாழைப்பழம் நீட்டினாள். அவன் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னான். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். 'மானே, அவ விரலைக் கடியேன்...' என்று பூரணி மனசுக்குள் கெஞ்சினாள். மான் பழத்தைத்தான் தின்றது.

கடற்கரையில் அவன் குளிக்க இறங்கும்போது, "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அழகம்மா அவன் கம்பளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மடியில்! அங்கேதான் பூரணிக்குப் பற்றியது. அழகம்மா கால் நனைக்க எழுந்து போன நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். கொஞ்சம் தேடட்டும்... அவளை நாலு வார்த்தை திட்டட்டும்... பிறகு கொடுத்துவிடலாம் என்றுதான்.

இப்போது எதைக் கொடுப்பது?

"ஏறுங்க, ஏறுங்க!" பொகவந்தலாவை லொறிக்காரர் கந்தப்பன் கத்தினார். "ஹட்டன் ஏத்தத்துல பனி எலும்பத் தின்னும். கம்பளி இல்லாம எப்படிறா வருவ?"

அவன் வெறும் சட்டையோடு நின்றான். அழகம்மா அழாத குறை.

"நாந்தானே பாத்துக்கறேன்னேன்... இந்தாங்க, என்னோடத போத்திக்கங்க. ஞாயித்துக்கெழம எங்க லயத்துக்கு வந்து குடுங்க. அம்மா கோழிக் கொழம்பு வைக்கும்."

பூரணி செய்த வேலை அவனைக் கொண்டுபோய் அழகம்மா வீட்டு இலையில் உட்கார வைக்கப்போகிறதே!

"வாங்காதீங்க!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"நாந்தான் எடுத்தேன்... மணல்ல பொதச்சேன். கடல் கொண்டுபோயிருச்சு."

"அடிப்பாவி!" என்றாள் அழகம்மா.

அவன் முகம் இறுகியது. "கால்ல தண்ணி ஊத்துனதுக்கா இம்புட்டு?"

ஆமாம் என்று சொன்னால் போதும். மானம் தப்பும். பூரணி வாயைத் திறந்தாள். வேறு எதுவோ வந்தது.

"காலையில என்னப் பாத்துச் சிரிச்சீங்க... மத்தியானம் அவளப் பாத்துச் சிரிச்சீங்க. எனக்குப் பொறுக்கல."

அவன் காதுவரை சிவந்தான். மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. அவங்ககூட நின்னாலாவது திரும்பிப் பாப்பீங்கன்னு..."

"ஓஹோ! ஒங்க வெளயாட்டுக்கு நான் ஆளா?" அழகம்மா தன் கம்பளியை வெடுக்கென்று பிடுங்கினாள். "நல்லா இருங்க ரெண்டு பேரும்!" கண் கலங்கப் போய்விட்டாள்.

பூரணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கை நிற்கவில்லை. தன் கம்பளியை அவிழ்த்து அவனிடம் நீட்டினாள்.

"பேரு?"

"பூரணி."

"நான் சின்னராசா. ஞாயித்துக்கெழம ஒங்க லயத்துக்கு வர்றேன்... கம்பளியக் குடுக்க மட்டும் இல்ல, பூரணி. ஒங்களப் பாக்காம இனி இருந்திர முடியும்னு தோணல."

இரண்டு லொறியும் உறுமின. பூரணி ஏறி அம்மா பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். அழகம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கம்பளி எங்கடி?" என்றாள் அம்மா.

"ஒருத்தருக்குக் குடுத்தேம்மா..."

அம்மா எட்டி அந்த லொறியைப் பார்த்தாள். அங்கே ஒருத்தன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவின் குரல் தணிந்தது. அப்பா காதில் விழாதபடி தணிந்தது. "யாருடி அது?"

பேர் தெரியும். ஊர் தெரியும். வேறென்ன தெரியும் பூரணிக்கு?

"சொல்லுடி, நமக்கு என்ன முறை?"